ஒரு மூடி வினிகர்

என் வீட்டுக்காரர் சாம்சனுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. தோசை என்றால் எட்டு. ஜெபம் என்றால் சோறு ஆறிப்போகும்வரை. ஒரு வருடம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுகிறேன் என்று ஏறியவர், பக்கத்து மூன்று வீடுகளுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்கு நட்சத்திரம் பத்தவில்லை என்று இறங்கி வந்தார். குடித்த காலத்திலும் அப்படித்தான் குடித்தார். விட்டபோதும் அப்படித்தான் விட்டார், ஒரே நாளில், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய புத்தி எனக்குப் பிடித்திருந்தது.

விட்டு ஆறு வருடம் ஆகிறது. என் தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் போதையில் அப்படியே இலைமேல் சாய்ந்தார். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண் ஜெனிபர் வந்து, அப்பா முகத்திலிருந்த சாம்பாரைத் தன் தாவணியால் துடைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனாள். மறுநாளிலிருந்து அவர் தொடவில்லை. நான்தான் நம்பவில்லை. ஒரு வருடம் முழுக்க, ஷிப்ட் முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். அவரும் ஸ்கூல் பையன் மாதிரி ஆவென்று நிற்பார்.

என் வேலையும் அப்படிப்பட்டது. சிப்காட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் வாஷர் என் கையில் புரளும். நல்லது ஒரு பக்கம், குறையுள்ளது சிவப்பு டப்பாவில். ஒன்றுக்கு ஒரு விநாடிக்கு மேல் யோசித்தால் சூப்பர்வைசர் முறைப்பார். அந்தப் பழக்கம் கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் வந்துவிடும். ஆனால் ஒரு நாள் மோந்து பார்க்க மறந்தேன். அவரும் ஞாபகப்படுத்தவில்லை. அதோடு அது நின்றுபோனது.

போன தை மாதம் ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் என்னைத் தாண்டிப் போனபோது குப்பென்று ஒரு புளிப்பு வாடை. பழைய கள்ளுப்பானையைக் கழுவின மாதிரி இருந்தது. எழுந்து போய் வழியை மறித்தேன்.

"நில்லு. வாயத் தொற."

"இன்னா மேரி திடீர்னு?"

"தொறய்யா. இன்னா குடிச்சிட்டு வந்த?"

"வினிகர்மா. ஆப்பிள் வினிகர். கேசவ் சார் குடுத்தாரு."

"வினிகர ஊறுகாயில ஊத்துவாங்க. வாயில ஊத்துவாங்களா? யாருகிட்ட கதை சொல்லிக்கினு கீற?"

அவர் கேசவுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். கேசவ் அவர் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். திருவள்ளூர் பிள்ளை, பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நெற்றியில் நாமத்தோடு வந்து அதன்மேல் ஹெல்மெட் மாட்டிக்கொள்வார். பேச்சில் கொஞ்சம்கூடக் கோபம் இருக்காது. அதனாலேயே எனக்கு அவரோடு சண்டை போட வராது.

"மேரிம்மா, அதுல போதை ஒண்ணும் கெடையாது. பழச்சாறு புளிச்சு, அதையும் தாண்டி முழுக்கப் புளிச்சதுதான் வினிகர். அண்ணனுக்கு சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னாரில்ல, நான் குடிக்கிறதப் பாத்து எனக்கும் குடுங்கன்னு கேட்டாரு. ஆனா ஒண்ணு, அது மருந்து இல்ல. டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தக் கூடாது. அதுவும் ஆசிட்தான். அளவு தப்பினா கஷ்டம். எப்படிக் குடிக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், கேட்டு வாங்கிக்கோங்க."

கேட்டு வாங்கினேன். நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பெரிய தம்ளர் தண்ணீருக்கு ஒரே ஒரு மூடி வினிகர், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. தண்ணீர் கலக்காமல் குடிக்கவே கூடாது. குடித்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும், உடனே பல் தேய்க்கக் கூடாது. தொண்டையோ வயிறோ எரிந்தால் அன்றோடு நிறுத்த வேண்டும். கடைசியாக, கண்ணாடியில் மட்டும் வைக்க வேண்டும், உலோகப் பாத்திரம் கூடாது. அழகான கையெழுத்து. பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒட்டியது நான், படித்ததும் நான். அவர் பிரிட்ஜைத் திறந்து மூடியதோடு சரி.

பதினைந்தே நாளில் ஒரு மூடி என்பது அரைத் தம்ளர் ஆனது. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர் கலக்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. கேட்டால், ஒரு மூடிக்கே இவ்வளவு நல்லது என்றால் அரைத் தம்ளருக்கு எவ்வளவு நல்லது என்று கணக்குச் சொல்வார். அடுத்த மாதமே ஐஸ் தண்ணீர் குடித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல் டாக்டர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்மேல் இருக்கிற பாலிஷ் கரைகிறது, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு.

"நாங்க தெனம் ஆசிட்லயே நிக்கிறவங்க மேரி. இது இன்னா பண்ணும்?"

"அங்க கண்ணாடி போட்டுக்கினு, கைக்கு உறை போட்டுக்கினு, முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கினு நிக்கிற. ஊட்டுக்கு வந்து அத்தயே வாயில ஊத்திக்கிற. உன் நாக்குக்கு இன்னா பூட்ஸ் போட்டுக்கீற?"

அவர் சொன்னது பொய்யில்லை. கும்மிடிப்பூண்டி கால்வனைசிங் கம்பெனியில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். இரும்புச் சாமானை முதலில் ஆசிட் தொட்டியில் ஊறவைத்துத் துருவை எடுப்பார்கள். பிறகு உருகிய ஜிங்கில், அதாவது துத்தநாகத்தில், முக்குவார்கள். போகும்போது கறுப்பாகப் போவது வரும்போது வெள்ளி மாதிரி வரும். பூச்சு சரியாக ஒட்டாததை மறுபடி ஆசிட்டில் போட்டால், நுரை பொங்கப் பொங்க ஜிங்க் கரைந்து, இரும்பு பழையபடி கறுத்து நிற்கும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கே சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. ரோட்டில் போகும்போது விளக்குக் கம்பத்தைத் தட்டிப் பார்த்து, "இது நம்மள்து" என்பார். ஜிங்க் போட்டது என்றால் அவருக்கு அதன்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

பல் டாக்டர் பயமுறுத்திய பிறகு ஒழுங்காக ஒரு மூடிக்கு வந்தார். அதற்குள் ஜெனிபருக்கு வரன் வந்தது. வரன் வந்தது என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் கவரைப்பேட்டையிலிருந்து இவளும் ஆரம்பாக்கத்திலிருந்து அந்தப் பையன் எபினேசரும் வேலைக்கு வந்து இறங்குகிற கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்திலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டு, எங்களிடம் சும்மா அறிவித்தார்கள். நல்ல பையன். சிப்காட் பக்கம் ஒரு லாரி ஆபீசில் வேலை.

அவன் அம்மா ஏஞ்சல் எங்கள் வீட்டுக்குத் தனியாகத்தான் வந்தார். ஆரம்பாக்கம் பக்கம் இறால் கம்பெனியில் ஐம்பது பெண்களை மேய்க்கிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அண்ணன் முன்ன குடிச்சாருன்னு கேள்விப்பட்டேன். என் ஊட்டுக்காரரு குடிச்சேதான் செத்தாரு. பதினெட்டு வருஷம் நான் பட்டது போதும். என் புள்ள பொண்ணெடுக்கிற ஊட்ல அது இருக்கக் கூடாது. ஒரு நாள் இருந்தாலும் நான் என் புள்ளய இட்டுக்கினு போய்க்கினே இருப்பேன். அப்பறம் கோச்சிக்காதீங்க."

சாம்சன் எழுந்து, மேசைமேல் இருந்த பைபிளில் கை வைத்தார். "ஆறு வருஷமா தொடலமா. இனிமேலும் இல்ல."

ஜெனிபர் கதவோரம் துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இந்தப் பையன் இல்லையென்றால் என் பெண் உடைந்துபோவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏஞ்சல் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். யாருக்கும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு என்று முடிவானது. எண்பது பேர். அதற்கு ஒரு வாரம் முன்னால் என் வீட்டுக்காரருக்கு மறுபடியும் புத்தி அளவு தாண்டியது.

"மேரி, வர்றவங்களுக்குக் கலர் சோடா வேணாம். நம்ம வினிகர் ஜூஸ் குடுப்போம். இஞ்சி, வெல்லம், எலுமிச்சை எல்லாம் போட்டு நான் கலக்கறேன்."

"சக்கரைக்காரங்களுக்கு வெல்லமா?"

"நாட்டு வெல்லம்மா அது. குடிகாரன் ஊட்ல இன்னா குடுக்கறாங்கன்னு பாக்கறதுக்குன்னே நாலு பேர் வருவாங்க இல்ல? பாக்கட்டும்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குமேல் எனக்கு மறுத்துப் பேச மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோவில் ஒரு டிரம் வந்து இறங்கியது. நாற்பது லிட்டர் பிடிக்கும், மூடி போட்டது. தெரிந்த வெல்டரிடம் செய்யச் சொல்லி, மேனேஜரிடம் அனுமதி வாங்கி, தன் கையாலேயே ஜிங்கில் முக்கி எடுத்திருக்கிறார். உள்ளும் வெளியும் பூப்பூவாக மின்னியது. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதில் முகம் பார்த்து மீசை முறுக்கினார்.

நான் பிரிட்ஜ் கதவைக் காட்டினேன். "பேப்பர்ல உலோகப் பாத்திரம் கூடாதுன்னு போட்டுக்கீதேய்யா."

"உலோகம்னா இரும்பு, பித்தள, அலுமினியம். இது ஜிங்க் போட்டது. மழையிலயும் உப்புக்காத்துலயும் நாப்பது வருஷம் நிக்கும். கேவலம் வினிகர் இன்னா பண்ணிரும்?"

இருபத்திரண்டு வருடம் அதிலேயே ஊறினவர் சொல்கிறார், அப்புறம் நான் என்ன பேச? என் கண்ணுக்கும் அந்த டிரம்மில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆறு பாட்டில் வினிகர், அறுபது எலுமிச்சை, இஞ்சி, வெல்லம், தண்ணீர் எல்லாம் ஊற்றிக் கலக்கி மூடினார். இரண்டு நாள் ஊறினால்தான் இஞ்சி இறங்குமாம். டிரம்மைச் சுற்றி மல்லிகைச் சரம் கட்டியது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரியாணி மாஸ்டர் கொத்தமல்லி கேட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தபோது பந்தலிலிருந்து கூப்பிட்டார்.

"மேரி, ஓடியா. நொரைக்குது பாரு, சோடா மாதிரி. கண்ணாடி பாட்டில்ல ஒரு நாளும் இப்படி வந்ததில்ல."

"நொரச்சா வடிச்சிட்டுக் குடு. முதல்ல நாஷ்டா துன்னு. இட்லி ஆறிக்கினு கீது."

"ருசி பாத்துட்டு வர்றேன்."

ருசி பார்க்கிறவர் ஒரு ஸ்பூன் எடுப்பார். இவர் இரண்டு சொம்பு குடித்தார், வெறும் வயிற்றில். இட்லி கடைசிவரை ஆறிக்கொண்டேதான் இருந்தது.

பதினொரு மணிக்கு ஆரம்பாக்கத்திலிருந்து வேன் வந்தது. முன் சீட்டிலிருந்து ஏஞ்சல் இறங்கினார், மயில்கழுத்துப் பட்டுச் சேலை. பின்னால் அவர் அண்ணன், உறவுக்காரர்கள், கூச்சத்தோடு எபினேசர். வரவேற்க வீட்டுக்காரரைத் தேடினேன். பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. கண் சிவந்திருந்தது. கம்பை விட்டு ஓரடி வைத்தவர் தள்ளாடி மறுபடியும் கம்பைப் பிடித்தார். நான் கிட்டே போனேன். அதே புளிப்பு வாடை.

"குடிச்சியா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், யார் காதிலும் விழவில்லை. ஆனால் கேட்டேன். வாஷரைச் சிவப்பு டப்பாவில் போடுகிற வேகம்தான், ஒரு விநாடிக்கு மேல் யோசிக்கவில்லை.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பளாரென்று நாலு அறை விட்டிருந்தால்கூட என்னை அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினார்.

நான் சிரித்த முகத்தோடு ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. பின்பக்கத்திலிருந்து வாந்தி எடுக்கிற சத்தம் பந்தல்வரை கேட்டது. பாஸ்டர் பைபிளை எடுத்து எடுத்து வைத்தார். என் தம்பி பொண்டாட்டி ஒன்றும் தெரியாமல் டிரம்மிலிருந்து தம்ளர் தம்ளராக மொண்டு தட்டில் அடுக்கி எல்லாருக்கும் நீட்டிக்கொண்டு போனாள். ஏஞ்சலின் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, சாவியை நக்கின மாதிரி இருக்கிறதே என்று துப்பினார்.

அப்போதுதான் சாம்சன் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் நனைந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"யாரும் குடிக்காதீங்க. கீழ வெச்சிருங்க. கீழ வெய்யுங்க எல்லாரும்." சொல்லிக்கொண்டே வந்து டிரம்மை ஓங்கி ஓர் உதை விட்டார். இருந்த ஜூஸ் அத்தனையும் பந்தல் முழுக்க ஓடியது. மல்லிகைச் சரம் மிதந்து போனது. ஏஞ்சலின் பட்டுச் சேலை முழங்கால்வரை நனைந்தது.

பின் வரிசையில் ஒரு குரல், "இன்னிக்குமா ஏத்திக்கணும் மனுசன்" என்றது. அவர் மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனார். ஜன்னலில் ஜெனிபர் நின்றாள். தலை நிறையப் பூ. அவள் அழவில்லை. அன்று பந்தியில் சாம்பாரைத் துடைத்தபோது இருந்த அதே முகம்.

ஏஞ்சல் எழுந்தார். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வேனைப் பார்த்துப் போகப்போகிறார் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது, இனி என் பெண்ணுக்கு என்ன சொல்வேன்? ஆனால் அவர் வேன் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு சாம்சன் குனிந்திருந்தார். ஏஞ்சல் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். வாந்தியைப் பார்த்தார். இன்னும் கிட்டே குனிந்து மோந்து பார்த்தார். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"இது சாராயம் இல்ல" என்றார்.

நான் அவரையும் வாந்தியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பதினெட்டு வருஷம் நான் தொடச்சிருக்கேன் மேரி. தரையில, பாயில, என் சேலையில. அந்த வாடை எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். இது வெறும் புளிப்பு. இந்த மனுசன் குடிக்கல. நீ இன்னா மரம் மாதிரி நிக்கிற? போய் தண்ணி கொண்டா." சொல்லிவிட்டு அவர் முதுகைத் தடவ ஆரம்பித்தார். "அண்ணே, இன்னா துன்னீங்க? சொல்லுங்க."

"ஜிங்க்மா" என்றார் சாம்சன். மூச்சு வாங்கியது. "வாயெல்லாம் ஜிங்க் ருசி. கம்பெனியில புகை அடிச்சா நாக்குல வரும், அதே ருசி. வாந்தி எடுத்தப்பதான் தெரிஞ்சது. டிரம்மு கரைஞ்சி எல்லாம் ஜூஸுல எறங்கிருச்சி. நொரை பொங்குனப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

கவிழ்ந்து கிடந்த டிரம்மை எபினேசர் தூக்கி வந்து வெயிலில் காட்டினான். மேலே நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளவென்று பூப்பூவாக இருந்தது. அதற்குக் கீழே ஜூஸ் நின்ற இடமெல்லாம் மங்கி, கறுத்து, திட்டுத் திட்டாகக் கிடந்தது. நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை.

அவரைக் கைத்தாங்கலாகப் பந்தலுக்குக் கூட்டி வந்தோம். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. நின்றுகொண்டே எல்லாருக்கும் சொன்னார்.

"இருவத்திரண்டு வருஷமா ஆசிட்ல ஜிங்க் கரையறத தெனம் பாக்கறேன். கம்பெனியில நானே கரைக்கிறேன். ஊட்டுக்கு வந்து அதே வேலைய உங்க வயித்துக்குப் பண்ணப் பாத்தேன். மன்னிச்சிருங்க. யாராச்சும் குடிச்சிருந்தா சொல்லுங்க, சேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

ஒரு வாய் வைத்தது ஏஞ்சலின் அண்ணன் மட்டும்தான், அதையும் துப்பிவிட்டார். நிச்சயத்துக்கு வந்திருந்த கேசவ், நாமம் வியர்வையில் வழிய ஓடிவந்து காரை எடுத்தார். கடைசி வரியில் எழுதியிருந்தேனே அண்ணே என்று வழியெல்லாம் அவர் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை ஏஞ்சல் காரில் ஏற்றிவிட்டார். "நீ கூடப் போ. இங்க நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, குடித்ததில் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். அந்த மூன்று மணி நேரமும் நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்வி கேட்டேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தெரியாமல் போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. பந்தலில் ஒருத்தரும் போகவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் பிரியாணி போட்டுவிட்டு, பெரியவர்களைப் பட்டினி போட்டு உட்கார வைத்திருந்தார் ஏஞ்சல். "பொண்ணோட அப்பா வராம யாரு மோதிரம் மாத்துவா?" என்று அவர் அண்ணனையே அதட்டினாராம். நனைந்த பட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் பழைய கைத்தறிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் சம்பந்தியம்மா மாதிரியே இல்லை, என் கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தார்.

சாம்சனைப் பார்த்ததும் ஜெனிபர் ஓடிவந்தாள். "நைனா" என்று சொல்லி அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள். அதற்குப் பிறகு பாஸ்டர் ஜெபித்து, மோதிரம் மாற்றி, ஆறின பிரியாணியை எல்லாரும் அடித்துப் பிடித்துத் தின்றார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் கஞ்சி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஏஞ்சல் சொன்னார், "குடிக்காத ஊடு வேணும்னு கேட்டேன். அண்ணன் தண்ணி குடிச்சாக்கூட பயந்து பயந்து குடிக்கணும் போல கீது."

கூட்டமெல்லாம் போன பிறகு சொன்னேன். "என்ன மன்னிச்சிருய்யா."

"எதுக்கு?"

"கேட்டதுக்கு."

கஞ்சித் தம்ளரைக் கீழே வைத்தார். "ஆறு வருஷத்துக்கு முன்ன கேட்டிருந்தா சரியான கேள்விதானே மேரி" என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்ய? அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினேன்.

அந்த டிரம்மில் இப்போது செம்பருத்தி வைத்திருக்கிறோம். தையில் கல்யாணம். ஞாயிறு தவறாமல் ஏஞ்சல் போன் பண்ணி, அண்ணன் இந்த வாரம் எத்தனை மூடி என்று விசாரிக்கிறார். வயிறு சரியாகி, டாக்டரையும் கேட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடியும் ஆரம்பித்தார். கண்ணாடி பாட்டில். சாப்பாட்டுக்குப் பிறகு. பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரில் ஒரே ஒரு மூடி. அந்த மூடியை மருந்துக்கடைக்காரர் மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அளக்கிறார். மற்றதெல்லாம் பழையபடிதான், தோசை எட்டுதான்.

கலக்கி முடித்ததும் தினமும் தம்ளரை முதலில் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "மோந்து பாத்துக்க மேரி." கிண்டல்தான், கண்ணில் சிரிப்பு இருக்கும். நான் ஒரு நாளும் மோந்து பார்ப்பதில்லை. அவர் கையைத் தள்ளிவிடுவேன். இருபத்து நாலு வருடக் குடித்தனத்தில் அவரிடம் ஒருமுறைகூட நான் சொல்லியிராத வார்த்தையை இப்போது தினமும் சொல்கிறேன்.

"குடிய்யா."